வெறும் வானத்துக்கு டீசல்

இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக மூன்று மாடிக் கட்டடம் முழுவதற்கும் சந்தேஷ் இனிப்பு விநியோகித்தவன் நான். கல்கத்தா கரியாஹாட்டில் நல்ல கடையில் வாங்கியது, குளிர்காலத்து ஈச்சவெல்லம் போட்டது. வாட்ச்மேன், டைப்பிஸ்ட், நூலகத்தில் தூங்க வருபவர் வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் கொடுத்தேன். ஒரு பெங்காலிப் பத்திரிகையில் என் போட்டோகூட வந்தது. வானத்தைச் சுட்டிக்காட்டச் சொன்னார் போட்டோகிராஃபர். அறைக்குள் வானம் இல்லாததால், படத்தில் நான் சீலிங் ஃபேனைக் காட்டிக்கொண்டிருப்பேன். மதுரையில் அப்பா அதை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார். ஃபேனில் உங்கள் பையன் என்ன கண்டுபிடித்தான் என்று கேட்டவர்களிடம், "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது" என்றாராம். அவருக்கும் புரியாது. எனக்கே புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தெரியவைத்தவர் ஒருத்தர் உண்டு. பெயர் வேண்டாம். எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் பெயரை யாரும் சொன்னதும் இல்லை. பெங்காலியில் அண்ணனை 'தாதா' என்பார்கள். பெயரோடு ஒட்டும்போது 'தா' ஆகிவிடும். அவருக்கு அங்கே வைத்த பெயர் ஆஃப்தா. காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் வானத்துக்குப் போய்வர வேண்டும். சீக்கிரம் திரும்பிவிடலாம்.

சில நட்சத்திரங்கள் ஜோடியாகக் குடித்தனம் நடத்துகின்றன. அந்த ஜோடிகளில் சிலவற்றில் ஒன்று செத்துச் சுருங்கி ஓர் ஊர் அளவுக்கு ஆகிவிட்டது. கனம் மட்டும் குறையவில்லை. இன்னொன்று உயிரோடு கொழுத்திருக்கிறது. செத்தது, உயிரோடிருப்பதை உறிஞ்சும். உறிஞ்சிய வாயு சுழன்று விழும்போது கொதித்து எக்ஸ்-ரே வீசும். இதுவரைக்கும் தகராறு இல்லை, செயற்கைக்கோள்கள் பார்த்துவிட்டன. எக்ஸ்-ரேயைவிடப் பல மடங்கு உக்கிரமான காமா கதிரும் அங்கிருந்து வருகிறதா என்பதுதான் தொண்ணூறுகளில் எங்கள் தொழிலில் நடந்த சண்டை. வருகிறது என்று சிலர் அறிவிப்பார்கள். அடுத்த வருஷம் வேறு சிலர் பார்த்துவிட்டு, ஒன்றையும் காணோம் என்பார்கள்.

காமா கதிர் நம் தலைக்கு மேலே காற்றில் மோதினால் ஒரு நீல மின்னல் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன மின்னல். மத்திய இந்தியாவில் ஒரு மலையூரில் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, நிலா இல்லாத இரவுகளில் அந்த மின்னல்களை எங்கள் கூடம் எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணியது டேப்பில் ஏறி கல்கத்தாவுக்கு வரும். நாங்கள் உட்கார்ந்து அலசுவோம். கஷ்டம் என்னவென்றால், நட்சத்திரத்துக்குச் சம்பந்தமில்லாமல் எல்லாத் திசையிலிருந்தும் விழும் துகள்களும் அதே மாதிரி மின்னலைத்தான் உண்டாக்கும். அதுவும் மழை மாதிரி. மழையில் நனைந்தவன் சட்டையைப் பிழிந்து, இதில் எந்தத் துளி பக்கத்து மாடிப் பெண்மணி துணி உலர்த்தும்போது சொட்டியது என்று கண்டுபிடிக்கிற வேலை அது.

அதற்கு ஒரே வழி. கொஞ்ச நேரம் நட்சத்திரத்தைப் பார், அது ஆன். அப்புறம் அதே அளவு நேரம், பக்கத்தில் ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார், அது ஆஃப். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. ஏதாவது மிஞ்சினால் நட்சத்திரத்துக்குச் சொந்தம்.

எங்களுக்கெல்லாம் ஆஃப் என்றாலே வயிற்றெரிச்சல். நிலாவும் மேகமும் இல்லாத இரவு கிடைப்பதே அபூர்வம். அதில் பாதியை வெற்றிடத்துக்குத் தானம் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அவருக்கு வந்தது. டியூட்டி அட்டவணையை அவர்தான் போடுவார். "ஆஃப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா தாதா?" என்று யாராவது இழுத்தால், "குறைச்சுக்கலாமே. ஆன்னையும் அதே அளவு குறைச்சுக்கோ" என்பார்.

ஒருமுறை கணக்குத் தணிக்கைக்கு வந்த அதிகாரி இதைப் பிடித்துக்கொண்டார். மலையில் ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலில் பாதி, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கச் செலவாகிறதாமே, அது எதற்கு என்று கேட்டார். எங்கள் டைரக்டர் இருமினார். ஆஃப்தா நிதானமாகச் சொன்னார்: "உங்க ஆபீஸ்ல வேலையே செய்யாதவங்களுக்கும் சம்பளம் கொடுக்கறீங்க இல்லையா, அந்த மாதிரிதான். அவங்க இருந்தாத்தானே வேலை செய்யறவங்களால என்ன கூடுதலா நடக்குதுன்னு தெரியும்." அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் அந்த ஆட்சேபணையைக் கைவிட்டார். தன் ஆபீஸைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஏதோ சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

இதை வேலையோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு நல்ல விஞ்ஞானி, அவ்வளவுதான். அவர் நிறுத்தவில்லை. லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர். தாத்தா காலத்தில் ஏதோ கம்பெனி உத்தியோகத்துக்காக வந்த குடும்பம். வீட்டுத் தமிழும் தெருவின் பெங்காலியும் கலந்து பேசுவார். ஒடிசலாக, கக்கத்தில் குடையோடு, சுவரை ஒட்டியே நடப்பார். டீக்கடையில் மண் குவளையில் முதலில் வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டு அப்புறம் டீ கேட்பார். கல்கத்தாவில் தீபாவளி போனதும் ஆண்களெல்லாம் தலைக்குக் கம்பளிக் குல்லா மாட்டிக்கொள்வார்கள். மாட்டாவிட்டால் சளி பிடித்துச் செத்துப்போவோம் என்பது அந்த ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. இவர் ஒரு வாரம் குல்லா போடுவார், ஒரு வாரம் போடமாட்டார். இரண்டு வாரமும் மூக்கு ஒழுகியது. "கழிச்சா ஒண்ணும் இல்ல" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

துர்கா பூஜா சமயத்தில் ஓர் அஷ்டமி அன்று எங்களோடு பந்தல் பார்க்க வந்தார். அந்த வருஷம் ஒரு பேட்டையில் அரண்மனை மாதிரி பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே நுழையவே முடியவில்லை. "என்ன கூட்டம் பாத்தீங்களா தாதா? இந்த வருஷம் இதுதான் டாப்" என்றேன்.

"கழிச்சுட்டு சொல்லு" என்று என் கையைப் பிடித்து நாலு தெரு தள்ளி ஒரு சந்துக்கு இழுத்துப்போனார். பந்தலும் இல்லை, விளக்கும் இல்லை. மூடிய ரேஷன் கடை, ஓர் இஸ்திரி வண்டி. அந்தச் சந்திலும் அதே நெரிசல். எங்கே போகிறீர்கள் என்று ஒரு பெரியவரைப் பெங்காலியில் கேட்டார். தெரியவில்லை, எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள் என்றார் பெரியவர். ஆஃப்தாவின் முகத்தில் அம்பாளை நேரில் பார்த்த திருப்தி.

அவர் பெண் பார்த்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெண் வீடு சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பாவுக்குக் கார்டன் ரீச் தலைமை அலுவலகத்தில் உத்தியோகம், சொந்த ஊர் திருச்சி. கேசரி, பஜ்ஜி, பட்டுப்புடவை எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "பாதிதான் பாத்திருக்கேன், மீதியைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று இவர் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு சாதாரண நாள் சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். தலையில் எண்ணெய், கையில் விளக்குமாறு. நாங்கள் பிற்பாடு பௌதி என்று, அதாவது அண்ணி என்று, கூப்பிட்ட அவர் இதைச் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

"எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேன். சும்மான்னார். சும்மா வர்றவங்களுக்கு இங்க ஒண்ணும் கிடையாது, பொரிதான் இருக்குன்னேன். அதையே குடுங்கன்னு உக்காந்துட்டார். கடுகெண்ணெயும் பச்சமிளகாயும் போட்டு ஒரு கிண்ணம் கலந்து வச்சேன். பூரா தின்னுட்டு, இப்ப சரியாயிடுச்சுன்னு போயிட்டார். அப்பா, பையன் ஒரு மாதிரி, வேண்டாம்மான்னார். எனக்குக் கேசரி சாப்பிட்ட அன்னைக்கு அவரைப் பிடிக்கல. பொரி சாப்பிட்ட அன்னைக்குப் பிடிச்சது."

பௌதி அப்படித்தான் பேசுவார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது, கேட்டதற்குக் கீழேயும் கிடையாது.

இனி என் கதை. என் ஆராய்ச்சி உதவித்தொகை முடியப் போகிற நேரம். கூடத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாகி, அதற்கு நேர்முகத் தேர்வு வரப்போகிறது என்று பேச்சு. எனக்கு அந்த வேலை வேண்டும். மதுரையில் கல்யாணத்துக்குக் காத்திருந்த தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் வரை, நான் கல்கத்தாவில் நிரந்தரம் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். நிரந்தரமாக வேண்டுமானால் எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

என்னிடம் இருந்தது ஒரு ஜோடியின் டேப்புகள். அந்த ஜோடியில் செத்தது பம்பரமாகச் சுழல்கிறது; சுற்றுக்கு ஒரு துடிப்பு எக்ஸ்-ரேயில் தெளிவாகத் தெரியும். அதே துடிப்பு காமாவில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. துடிப்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். இல்லை. குறைத்துப் பார்த்தேன். நல்ல இரவுகளை மட்டும் எடுத்தேன். நல்ல இரவு எது என்பதை நானே முடிவு செய்தேன். செத்தது உயிரோடிருப்பதன் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும் நேரத்தை மட்டும் தனியாக எடுத்தேன். அந்த நேரத்திலும் முன்பாதி, பின்பாதி என்று பிரித்தேன். இப்படியே கெஞ்சிக் கெஞ்சி, ஒரு நாள் வரைபடத்தில் ஒரு திமில் எழும்பியது. ஒட்டகம் மாதிரி, அழகான திமில்.

டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அவருக்கும் அந்த வருஷம் மானியம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகைக்குப் போயிற்று. சந்தேஷ், பத்திரிகை, சீலிங் ஃபேன் எல்லாம் நடந்தது அப்போதுதான். ஆஃப்தா மலையில் இருந்தார். திரும்பி வந்ததும் ஒரு சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு. ஆஃப் பாத்தியா?"

"கழிச்சுட்டேன் தாதா. எல்லாம் கழிச்சுட்டேன்."

"கழிச்சே, சரி. அங்கே போய் இதே மாதிரி தேடினியா?"

"அங்கதான் ஒண்ணுமே இல்லையே. அங்க எதுக்குத் தேடணும்?"

"தூர் பாபா" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஆஃப் டேப்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். பிறகு டைரக்டர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு படங்களை வைத்தார். இரண்டிலும் பெயர் எழுதவில்லை. இரண்டிலும் திமில்.

"இதுல எது நம்ம ஜோடி?"

டைரக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உயரமான திமில் உள்ள படத்தை யோசிக்காமல் எடுத்தார். "இதுதான், பார்த்தாலே தெரிகிறதே" என்றார் பெங்காலியில். நானும் அதையேதான் காட்டினேன். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா?

"அது வெறும் வானம்" என்றார் ஆஃப்தா. "இவன் நட்சத்திரத்தைக் கெஞ்சின மாதிரியே நானும் கெஞ்சினேன். வேகத்தைக் கூட்டி, குறைச்சு, நல்ல ராத்திரி பொறுக்கி. ஒண்ணுமே இல்லாத இடம் இன்னும் தாராளமாக் குடுத்துது."

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டுரை போய்விட்டதே என்றார் டைரக்டர்.

"திரும்ப வாங்கிக்கலாம். சந்தேஷைத்தான் வாங்க முடியாது."

கட்டுரை திரும்பி வந்தது. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். நேர்முகத் தேர்வு நடந்தது. துறை சார்பில் ஒருத்தர் இருக்க வேண்டும் என்ற விதிப்படி அவரும் உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு நன்றாகவே நடந்ததாக ஞாபகம். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன், எனக்குத்தான் தெரியுமே.

அப்புறம் நான் பல் டாக்டர்களுக்கு எக்ஸ்-ரே மெஷின் விற்கும் கம்பெனியில் சேர்ந்தேன். நட்சத்திரத்தின் எக்ஸ்-ரேயிலிருந்து கடைவாய்ப் பல்லின் எக்ஸ்-ரேக்கு. இதில் ஒரு வசதி உண்டு: பல் நிச்சயமாக அங்கே இருக்கும். கோபம் ஒரு வருஷத்தில் ஆறி, கேலியாக மாறியது. மாதத்துக்கு ஒருமுறையாவது லேக் மார்க்கெட்டில் அவரைப் பிடித்து டீ குடிப்பேன். ஒவ்வொரு தடவையும், "உங்களாலதான் தாதா இப்படி ஊரான் வாயைப் பாத்துட்டுத் திரியறேன்" என்பேன். எதற்கும் மறுத்துப் பேசுகிற மனுஷர், இதற்கு மட்டும் "ம்" என்று குவளையைப் பார்ப்பார். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்கு இதமாக இருந்தது. கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களிடம், நேர்மையான ஒரு மனிதரால் பலியான விஞ்ஞானி என்றுதான் என்னை அறிமுகம் செய்துகொள்வேன். பல் டாக்டர்கள் அதில் உருகி, நல்ல மாடலாகவே வாங்கினார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வெளிநாட்டில் எங்களுடையதைவிடப் பெரிய கண்ணாடிகள் வந்தன. சில ஜோடிகளிலிருந்து காமா கதிர் நிஜமாகவே வருவதைப் பார்த்துவிட்டார்கள். செய்தியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். பௌதி கதவைத் திறந்தார். ஆஃப்தா லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா தாதா? நான் அப்பவே சொன்னேன்."

"உன்னோட ஜோடி இதுல இருக்கா?"

"அது இல்ல. ஆனா ஜோடிங்க."

"ஆஃப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. திரும்பத் திரும்பப் பாத்தாங்க. அந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்தற கணக்குப்படியே கூடுது, குறையுது."

தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டாம் தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தபோது அவர் முகத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை. "இருக்குடா" என்றார். அவ்வளவு வருஷப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. உள்ளே திரும்பி, "கேட்டியா, இருக்காம்" என்று சமையலறைக்கும் சொன்னார். எங்களில் யாரையும்விட அது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் இவர்தானோ என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த நினைப்பு எனக்கு வசதியாக இல்லாததால் பஸ் ஏறும்போது விட்டுவிட்டேன்.

அதற்குச் சில வருஷம் கழித்து அவர் போய்விட்டார். கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். வெள்ளை விரிப்பு, மாலை போட்ட படம், ரஜனிகந்தா பூ, ஊதுபத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஓர் அம்மா பாடிய பாட்டு. என்னையும் பேசச் சொன்னார்கள். பல் டாக்டர்களிடம் மெருகேறிய கதை என்னிடம் தயாராக இருந்தது. உண்மைக்காக அவர் ஓர் இளைஞனின் எதிர்காலத்தைப் பலி கொடுத்தார் என்றேன். அந்த இளைஞன் உங்கள் முன்னால் நிற்கிறான் என்றேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பலிக்காக நன்றிதான் சொல்கிறேன் என்றேன். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நல்ல இடத்தில் நிறுத்தி இறங்கினேன்.

வெளியே தாழ்வாரத்தில் எல்லோருக்கும் சிங்காரா என்கிற சமோசாவும் ஓர் இனிப்பும் போட்ட அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். பௌதி ஜன்னலோரமாக நின்றிருந்தார்.

"நல்லாப் பேசினீங்க" என்றார்.

"மனசுல இருந்ததைச் சொன்னேன் பௌதி. தாதாவுக்குக் கடைசி வரைக்கும் அந்த உறுத்தல் இருந்தது. நான் என்னைக்கோ மன்னிச்சுட்டேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கணும்."

"எந்த உறுத்தல்?"

"என் வேலை போனது. அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்க வச்சதால."

பௌதி அட்டைப்பெட்டியை ஜன்னல் திண்டில் வைத்தார்.

"இன்டர்வியூ அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொன்னார். அந்த ரெண்டு நட்சத்திரத்துல எது கனம்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்னு உங்களைக் கேட்டாங்களாம். நீங்க புருஷன் பொண்டாட்டி ஜோக் ஒண்ணு சொன்னீங்களாம். சிரிச்சுட்டுத் திரும்பவும் அதையே கேட்டாங்களாம். நீங்க இன்னொரு ஜோக் சொன்னீங்களாம்."

கையிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து மூடினேன்.

"அவர் என்கிட்ட இதைச் சொன்னதே இல்லையே" என்றேன்.

"சொல்லுங்கன்னு நானும் எத்தனையோ தடவை சொன்னேன். அவன் அதைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறான், விடுன்னுட்டார்." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு நூறு பேர் முன்னாடி பழியை அவர் மேல போட்டுட்டீங்க, அதான் சொல்றேன். உள்ள இருந்தவங்கள்ல அவரைத் தவிர ஒருத்தர்கூட உங்க பேப்பரைப் படிக்கல. நீங்க உளறினீங்க, வேலை கிடைக்கல. அவ்வளவுதான்."